டிஸ்டார்ஷன் பெடல் வாங்கணும்: ஸ்டேஜ்ல ஆம்ப் இல்ல, நேரா மிக்சர்தான்

பெரம்பூர்_பிக்:
வணக்கம். முதல் டிஸ்டார்ஷன் பெடல் (கிட்டார் சவுண்டைக் கரகரப்பாக்கற, கால்ல மிதிக்கிற டப்பா) வாங்கப் போறேன், கையில 6,000 ரூபா. கிட்டார் ஸ்ட்ராட் மாடல், பிக்கப் மூணுமே சிங்கிள் காயில் (ஒத்தைச் சுருள்). வீட்ல 10 வாட் பிராக்டிஸ் ஆம்ப், 6 இன்ச் ஸ்பீக்கர். வெளியில வாசிக்கிறது பெரம்பூர், வியாசர்பாடி பக்கம் சர்ச், மண்டபத்து ஃபங்ஷன். அங்க கிட்டார் ஆம்ப் கிடையாது, நேரா மிக்சர்ல சொருகிடுவாங்க. ராக் ரிதம்தான் முக்கியம், நடுவுல ரெண்டு மூணு லீட் வரும். பாஸ் கம்பெனியோட டிஎஸ்-1 வாங்கலாமா, செகண்ட் ஹேண்ட்ல மெட்டல் ஸோன் வாங்கலாமா, இல்ல ராட் பெடலோட காப்பி ஏதாவது? இன்னொண்ணு, பழைய வைஃபை ரூட்டரோட 12 வோல்ட் அடாப்டர் சும்மா கிடக்கு, பின் அதே சைஸ் மாதிரிதான் தெரியுது. அதையே போட்டுக்கலாமா?

வண்ணை_வயர்மேன்:
மத்ததெல்லாம் மெதுவா பேசலாம். முதல்ல அந்த ரூட்டர் அடாப்டரை எடுத்து உள்ள வைங்க. பெடலுக்கு வேணும்கறது 9 வோல்ட் டிசி, நடு முனை மைனஸ், வெளி உறை பிளஸ். ரூட்டர் அடாப்டர்ல பெரும்பாலும் நடு முனைதான் பிளஸ். பின் அளவு ரெண்டுலயும் 5.5க்கு 2.1 மில்லிமீட்டர்ங்கறதால அழகா உள்ள போயிடும், வம்பே அங்கதான். உள்ள பாதுகாப்பு டயோடு இருக்கற பெடல்னா அந்த டயோடு கரண்டை ஷார்ட் பண்ணி, தான் செத்து பெடலைக் காப்பாத்தும். டயோடு இல்லாத காப்பி பெடல்னா ஐசி போச்சு.

மல்ட்டிமீட்டர் இருந்தா 20 வோல்ட் டிசில வெச்சு, சிவப்பு முள்ளை பின் ஓட்டைக்குள்ள, கருப்பை வெளி உறையில வைங்க. மைனஸ் 9 காட்டினா அதுதான் உங்களுக்கு வேண்டிய அடாப்டர். மைனஸ் குறி இல்லாம 9 காட்டினா தலைகீழ். பழைய டிரான்ஸ்பார்மர் அடாப்டர்ல மேல 9னு அச்சடிச்சிருக்கும், லோடு இல்லாம அளந்தா 12, 13 வரும். அது ரெகுலேட்டட் இல்லாதது, கூடவே 100 ஹெர்ட்ஸ் இரைச்சலையும் கொண்டு வரும், வேணாம்.

ஆம்பியரைப் பத்திக் கவலையே வேணாம். அனலாக் டிஸ்டார்ஷன் பெடல் 10, 20 மில்லி ஆம்பியருக்கு மேல பெருசா இழுக்காது. 500 மில்லின்னு போட்ட அடாப்டரை மாட்டினா பெடல் எரியும்னு சிலர் பயமுறுத்துவாங்க. பெடல் தனக்கு வேண்டியதைத்தான் எடுத்துக்கும்.

மூலக்கடை_மிக்சர்:
எந்த மாடல்ங்கறது ரெண்டாவது கேள்வி ப்ரோ. நேரா மிக்சர்ங்கற அந்த ஒரு வரியிலதான் விஷயமே இருக்கு.

டிஸ்டார்ஷன்னா அலையோட தலையை வெட்டுறது. வெட்டின இடத்துல புதுசா ஓவர்டோன் (மூல ஸ்வரத்துக்கு மேல வர்ற துணை ஒலி) முளைக்கும், மேல 10 கிலோ ஹெர்ட்ஸ் தாண்டியும் போகும். கிட்டார் ஆம்ப்ல இருக்கற 12 இன்ச் ஸ்பீக்கர் 5 கிலோ ஹெர்ட்ஸ் தாண்டினதும் சட்டுனு கீழ விழுந்துடும், மேல இருக்கற கரகரப்பை அதுவே விழுங்கிடும். நம்ம காதுல 'டிஸ்டார்ஷன் சவுண்டு'ன்னு பதிஞ்சிருக்கறது இந்த விழுங்கினதுக்கு அப்புறம் மிஞ்சறதுதான். மண்டபத்து ஸ்பீக்கர் பாக்ஸ்ல ஹார்ன் (கீச்சு ஒலிக்கான தனி ஸ்பீக்கர்) இருக்கு. அது 15 கிலோ ஹெர்ட்ஸ் வரைக்கும் ஒண்ணையும் விடாம துப்பும். அதனாலதான் மிக்சர்ல போன எந்த டிஸ்டார்ஷனும் டப்பாக்குள்ள குளவி அடைச்ச மாதிரி கேக்குது. பெடல் மேல தப்பில்ல, 20,000 ரூபா பெடலும் அங்க குளவிதான்.

'ஹை நாபைக் குறைச்சா சரியாகாதா'ன்னு கேப்பீங்க. சின்ன மிக்சர்ல ஹை நாப் பெரும்பாலும் 10, 12 கிலோ ஹெர்ட்ஸ் ஷெல்ஃப், அதாவது அந்த அளவுக்கு மேல இருக்கறதை மொத்தமா ஏத்தி இறக்கறது. காதைக் குத்தறது 4லேர்ந்து 8 வரைக்கும் இருக்கற பகுதி, அதை அந்த நாப் அரைகுறையாத்தான் தொடும். முழுசா இறக்கினாலும் சவுண்டு மங்கும், குத்தறது அப்படியே நிக்கும்.

ஸ்பீக்கர் செய்யற வேலையைச் செய்ய நடுவுல ஒண்ணு வேணும். கேப் சிமுலேட்டர்னு சொல்றது அதைத்தான். ஸ்பீக்கர் எமுலேஷன் பட்டன் இருக்கற டிஐ பாக்ஸ், அதாவது கிட்டார் சிக்னலை மிக்சருக்கு ஏத்த மாதிரி மாத்தித் தர்ற டப்பா (பெஹ்ரிங்கர் ஜிஐ100 அந்த வகை), இல்ல ஐஆர், அதாவது நிஜ ஸ்பீக்கரோட குணத்தைப் பதிவு பண்ணின ஃபைல் ஏத்தற கேப் பெடல் (என்யுஎக்ஸ் சாலிட் ஸ்டுடியோ மாதிரி). 6,000த்தையும் பெடல்லயே கொட்டாதீங்க. பாதி பெடலுக்கு, பாதி இதுக்கு.

கொளத்தூர்_கெய்ன்:
மிக்சர் அண்ணே சொல்றது நூத்துக்கு நூறு. அப்படின்னா எதுக்கு தனிப் பெடல்? ஸூம் ஜி1 ஃபோர் மாதிரி ஒரு மல்ட்டி எஃபெக்ட் எடுத்தா டிஸ்டார்ஷன், ஆம்ப் மாடல், கேப், டிலே, ட்யூனர் எல்லாம் ஒரே டப்பா. அடாப்டர் ஒண்ணு, வயர் ரெண்டு.

ராயபுரம்_ரிதம்:
சர்ச்சுக்கு மட்டும்னா நானும் அதையே சொல்வேன். ஆனா மல்ட்டி எஃபெக்ட்ல பாட்டு நடுவுல கெய்னைக் கொஞ்சம் குறைக்கணும்னா குனிஞ்சு மெனு தேடணும். பெடல்ல கால் விரலாலேயே நாபைத் தள்ளிடலாம். மூணு நாப்ல எது என்ன பண்ணுதுன்னு காதுக்குப் பழகினவங்களுக்கு மல்ட்டி எஃபெக்ட் பிறகு சுலபமா புரியும். இவர் கேட்டது பெடல், அதுக்கே வரேன்.

ஒரு எழுத்துச் சிக்கல். தமிழ்ல எழுதினா பாஸ் கம்பெனியோடதும் டிஎஸ், ஐபனெஸ்ஸோட டியூப் ஸ்க்ரீமரும் டிஎஸ். இந்த இழையில டிஎஸ்-1னா பாஸ் ஆரஞ்சு டப்பா, மத்தது ஸ்க்ரீமர், பச்சை டப்பா. கம்பெனி பாஸ், கீழ் ஸ்தாயி பேஸ். இல்லன்னா கடைசில யாராவது மாத்தி வாங்கிட்டு வந்து நிப்பாங்க.

ஸ்க்ரீமர் ஓவர்டிரைவ் வகை. 808 மாடல் 1979. வெட்டற டயோடு ஆப்-ஆம்ப்போட (சிக்னலைப் பெருக்கற ஐசி) ஃபீட்பேக் பாதைக்குள்ளயே இருக்கு. அதனால வெட்டு மழுங்கலா இருக்கும், கம்பியை லேசா அடிச்சு வாசிச்சா சவுண்டும் சுத்தமாகும். உள்ள 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 0.047 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டரும் சேர்ந்து 720 ஹெர்ட்ஸுக்குக் கீழ கெய்னைக் குறைச்சிடும். மூக்கால பேசற மாதிரி அந்த மிட் (நடு ஸ்தாயி) தூக்கல் வர்றது அங்கிருந்துதான். தனியா கேட்டா அசிங்கம். பேஸ், கீபோர்டு, டிரம்ஸ் நடுவுல கேட்டா கிட்டார் மட்டும் தனியா எழுந்து நிக்கும்.

டிஎஸ்-1 வந்தது 1978. இதுல டயோடு ஆப்-ஆம்ப் தாண்டி, சிக்னல்லேர்ந்து கிரவுண்டுக்கு நிக்குது. வெட்டு கத்தி மாதிரி நேரா விழும். டோன் நாப்தான் சூட்சுமம். ஒரு பக்கம் சுமார் 234 ஹெர்ட்ஸ் லோ பாஸ் ஃபில்டர் (கீழ இருக்கறதை மட்டும் விடும்), இன்னொரு பக்கம் சுமார் 1,060 ஹெர்ட்ஸ் ஹை பாஸ் ஃபில்டர் (மேல இருக்கறதை மட்டும் விடும்), நாப் ரெண்டையும் கலக்குது. நடுவுல வெச்சா 500 ஹெர்ட்ஸ்கிட்ட பள்ளம் விழும். வீட்ல தனியா வாசிச்சா அந்தப் பள்ளம்தான் 'கனமா இருக்கே'ன்னு தோண வைக்கும். பேண்டுல அதே பள்ளத்துலதான் கிட்டார் காணாம போகும். டோனை 9 மணிக்குக் (நாபைக் கடிகார முள்ளா நெனச்சுக்கோங்க) கொண்டு வாங்க, பள்ளம் குறையும், குளவியும் குறையும்.

ராட்டும் 1978தான். டயோடு கிரவுண்டுக்கு நிக்கறது டிஎஸ்-1 மாதிரியே. பழைய ராட்ல இருக்கற எல்எம்308 ஐசி மெதுவானது, மைக்ரோ செகண்டுக்கு சுமார் 0.3 வோல்ட்தான் ஏறும். வேகமா ஏற முடியாததால மேல் ஓவர்டோன் தானாவே கொஞ்சம் உருண்டுடும். இதுல டோனுக்குப் பதிலா ஃபில்டர், அது தலைகீழா வேலை செய்யும்: வலப்பக்கம் திருப்பத் திருப்ப இருட்டாகும். 475 ஹெர்ட்ஸ் வரைக்கும் இறக்கலாம். நேரா மிக்சர்ல போறவங்களுக்கு இது பெரிய வசதி. ஃபில்டரை 2, 3 மணிக்குக் கொண்டு போனா, கேப் சிமுலேட்டர் இல்லாமலேயே ஓரளவுக்கு மனுஷன் கேக்கற மாதிரி ஆகும்.

ஃபஸ்ஸ் (டிஸ்டார்ஷனை விட முரட்டுத்தனமா வெட்டற வகை) உங்களுக்கு வேணாம். பிக் மஃப்ல கார்டு முழுசா அடிச்சா மூணு ஸ்வரமும் ஒண்ணோட ஒண்ணு குழம்பி கூழாயிடும்.

கொளத்தூர்_கெய்ன்:
மெட்டல் ஸோனை ஒரு வார்த்தை கூட சொல்லாம தாண்டிட்டீங்களே? எல்லாருக்கும் அது ஒரு இளக்காரம். 1991லேர்ந்து வருது, இன்னும் விக்குது. இங்க பேசின மத்த பெடல்ல இல்லாத ஒண்ணு அதுல இருக்கு: மிட் எந்த இடம்ங்கறதை 200 ஹெர்ட்ஸ்லேர்ந்து 5 கிலோ ஹெர்ட்ஸ் வரைக்கும் நீங்களே தேர்ந்தெடுக்கலாம். நாபுக்குள்ள நாபா அடுக்கி இருக்கறதைப் பாத்து பயந்துட்டு, நாலையும் ஏத்தி, மிட்டை மட்டும் பூஜ்ஜியத்துல வெச்சா ஈ மொய்க்கத்தான் செய்யும்.

டிஸ்ட் 8 மணி, ஹை 9 மணி, லோ 12. மிட் இடத்தை 700, 800 ஹெர்ட்ஸ்கிட்ட வெச்சு மிட்டை 1 மணிக்கு ஏத்திப் பாருங்க. வேற பெடலான்னு கேப்பீங்க.

மூலக்கடை_மிக்சர்:
இது வாஸ்தவம். மிக்சர்ல வர்ற மெட்டல் ஸோன் சவுண்டைக் காப்பாத்தணும்னா முதல்ல பெடல்லயே இருக்கற ஹை நாபைத்தான் இறக்கச் சொல்றது வழக்கம். ஆனா முதல் பெடலா இதைச் சொல்ல மாட்டேன். கெய்னை எவ்வளவு குறைச்சாலும் லேசான கரகரப்பு அதுல வராது, ஆரம்பமே நிறைய. சர்ச் பாட்டுக்கு அது அதிகம். சிங்கிள் காயில் வேற, இரைச்சலையும் சேர்த்துத் தூக்கும்.

பெரம்பூர்_பிக்:
நன்றி அண்ணே. அப்ப டிஎஸ்-1 இல்ல ராட் வகை, கூட கேப் டிஐ. செகண்ட் ஹேண்ட்ல பாத்தா என்னென்ன கவனிக்கணும்? காசிமேடு பக்கம் ஒருத்தர் ராட் காப்பி விக்கறார். அப்புறம் சிங்கிள் காயில் இரைச்சலுக்கு நாய்ஸ் கேட் (இரைச்சலை அடைக்கற பெடல்) வாங்கணுமா?

வண்ணை_வயர்மேன்:
காசிமேடு, ராயபுரம், எண்ணூர்னா முதல்ல ஜாக்கைப் பாருங்க. உப்புக் காத்து ஜாக் உள்ள இருக்கற தகட்டைக் கறுப்பாக்கிடும். வயரைச் சொருகி, பிளக்கைக் கையால லேசா சுத்துங்க. கரகர, இல்ல சவுண்டு விட்டு விட்டு வந்தா ஆக்ஸைடு. கான்டாக்ட் கிளீனர் அடிச்சு பிளக்கை இருபது தடவை சொருகி எடுத்தா பெரும்பாலும் சரியாகும், அதுக்காக வேணாம்னு சொல்லாதீங்க. விலையைக் குறைக்கச் சொல்லுங்க. பிளக்கை மேலயும் கீழயும் அசைச்சா மட்டும் சவுண்டு போகுதுன்னா அது சால்டர் விட்டது. தெரிஞ்சவங்களுக்கு அஞ்சு நிமிஷ வேலை, தெரியாதவங்களுக்குத் தலைவலி.

அடுத்து பேட்டரி அறை. பச்சையா, வெள்ளையா பூத்திருந்தா பேட்டரி கசிஞ்சிருக்கு. கிளிப் மட்டும்னா மாத்திக்கலாம். போர்டு வரைக்கும் பரவியிருந்தா விட்டுடுங்க. நாப் ஒவ்வொண்ணையும் சவுண்டு வெச்சுக்கிட்டே முழுசா சுத்துங்க. ஓரத்துல மட்டும் கரகரன்னா தூசி. நடுவுல ஒரு இடத்துல சவுண்டே போகுதுன்னா நாபுக்குக் கீழ இருக்கற பொட்டன்ஷியோமீட்டரோட தடம் தேஞ்சிருக்கு, மாத்தணும். ஸ்விட்சை முப்பது தடவை மிதிங்க. கால்ல மிதிங்க, கையால அழுத்தினா குறை தெரியாது.

அடாப்டர்ல பெடல் உயிர் பெறல, பேட்டரி போட்டா பேட்டரியும் சூடாகுதுன்னா யாரோ தலைகீழ் அடாப்டர் போட்டு பாதுகாப்பு டயோடு ஷார்ட் ஆகியிருக்கு. 1என்4001 டயோடு ஒண்ணு ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகள்ல சில்லறைக் காசு. கையில சால்டரிங் அயர்ன் இருக்கறவங்களுக்கு 'ஓடாத பெடல்' நல்ல வேட்டை.

ராட் காப்பின்னா ஒரு விஷயம். பெரும்பாலும் ட்ரூ பைபாஸ், அதாவது ஆஃப்ல சிக்னல் பெடல் சர்க்யூட்டைத் தொடாம நேரா போகும். மிதிச்சு ஆஃப் பண்ணினா உங்க கிட்டார் நேரா மிக்சர் இன்புட்டைப் பாக்கும். கிட்டாருக்கு வேண்டியது 1 மெகா ஓம், மிக்சரோட லைன் இன்புட் 10, 20 கிலோ ஓம்தான். ஆன்ல நல்லா இருந்த சவுண்டு ஆஃப்ல கம்பளி போத்தின மாதிரி ஆகும். பாஸ் பெடல்ல ஆஃப்லயும் பஃபர் (சிக்னலுக்குத் தெம்பு குடுக்கற சர்க்யூட்) ஓடிக்கிட்டே இருக்கறதால இந்தப் பிரச்சினை இல்ல. டிஐ பாக்ஸ் நடுவுல வந்துட்டா எந்தப் பெடலானாலும் கவலையில்ல, அதோட இன்புட் கிட்டாருக்காகவே செஞ்சது.

மூலக்கடை_மிக்சர்:
நாய்ஸ் கேட் இப்ப வேணாம். வாசிக்காதப்ப வாயை மூடும், வாசிக்கறப்ப இரைச்சல் அப்படியே உள்ள இருக்கும். லீட்ல நீட்டிப் பிடிச்ச ஸ்வரத்தோட வாலையும் வெட்டும்.

இரைச்சல் எங்கேர்ந்து வருதுன்னு முதல்ல கண்டுபிடிங்க. கிட்டார் வால்யூமைப் பூஜ்ஜியம் பண்ணுங்க. நின்னுடுச்சா, பிக்கப் பிடிக்குது. நிக்கலையா, அடாப்டர், வயர், இல்ல எர்த்து. பிக்கப்னா நின்ன இடத்துலயே உடம்பைத் திருப்புங்க, ஒரு கோணத்துல பாதியாகும், அங்கயே நின்னு வாசிங்க. அஞ்சு வழி ஸ்விட்ச்ல 2, 4வது இடத்துல நடு பிக்கப் எதிர்ச்சுத்தா இருந்தா 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் பெருமளவு அடிபடும். எல்லா ஸ்ட்ராட் காப்பிலயும் அப்படி இருக்காது, போட்டுப் பாத்தா ஒரே நொடியில தெரியும்.

மண்டபத்துல பெரிய எதிரி சீரியல் செட்டும் டிம்மர் லைட்டும். லைட்டுக்காரர் எந்த போர்டுல எடுத்திருக்காரோ அதுல நீங்க எடுக்காதீங்க, மிக்சர் எடுத்த இடத்துலயே எடுங்க. கிட்டார் வயரும் கரண்டு வயரும் பக்கத்துல பக்கத்துல ஓடக் கூடாது. தாண்டியே ஆகணும்னா குறுக்கா, கூட்டல் குறி மாதிரி தாண்டட்டும்.

கம்பியைத் தொட்டா இரைச்சல் குறையறது சாதாரணம். கம்பியைத் தொட்டுக்கிட்டு மைக்கை உதட்டால தொட்டா சுர்ருன்னா, அங்க எர்த்து கிடையாது, வாசிக்கறதை உடனே நிறுத்துங்க. இரைச்சல் போகணும்னு மூணு பின் பிளக்கோட எர்த்து பின்னை உடைக்கற பழக்கம் சிலருக்கு உண்டு. அது உயிரோட விளையாடறது.

ராயபுரம்_ரிதம்:
புதுசா வாங்கறதுன்னா வண்ணாரப்பேட்டைலயோ தண்டையார்பேட்டைலயோ மெட்ரோ ஏறினா நேரா மவுண்ட் ரோடு. 1842ல ஆரம்பிச்ச மியூசி மியூசிகல் கடை அங்கதான் இருக்கு. அரசினர் தோட்டம் ஸ்டேஷன்ல இறங்கினா ரிச்சி ஸ்ட்ரீட்டும் கிட்ட, அடாப்டர், பேட்ச் வயர் எல்லாம் ஒரே நடையில முடிஞ்சுடும்.

எந்தக் கடையானாலும் கடைக்காரர் ஒரு நல்ல ட்யூப் ஆம்ப்ல சொருகித் தருவார். அதுல எந்தப் பெடலும் தேன். பக்கத்துல இருக்கற கீபோர்டு ஆம்ப்ல போடச் சொல்லுங்க. அதுல ட்வீட்டர் இருக்கு, உங்க மண்டபத்து பாக்ஸுக்கு அதுதான் நெருக்கம். அதுலயும் சகிக்கற பெடல்தான் உங்க பெடல். கிட்டாரும் வயரும் உங்களோடதே கொண்டு போங்க. 

ஈக்யூ (டோன், ஃபில்டர் மாதிரி நாப்) எல்லாம் 12 மணி, கெய்ன் பூஜ்ஜியத்துலேர்ந்து ஆரம்பிங்க. பவர் கார்டு (ரெண்டே ஸ்வரம் இருக்கற கார்டு) எல்லா பெடல்லயும் நல்லாதான் இருக்கும், அது பரீட்சையே இல்ல. முழு ஜி மேஜர் அடிச்சு, பி ஸ்வரம் தனியா காதுல விழுதான்னு பாருங்க. கிட்டார் வால்யூமை 10லேர்ந்து 5க்கு இறக்குங்க. சவுண்டு சுத்தமாச்சுன்னா பாட்டு நடுவுல பெடலை மிதிக்காமலே சமாளிக்கலாம். லெவல் நாபை ஏத்தாதீங்க. சத்தம் கூடின பெடல்தான் 'நல்ல பெடல்'னு காது ஏமாந்துடும். ஆன், ஆஃப் ரெண்டுலயும் ஒரே சத்தம் வெச்சு ஒப்பிடுங்க.

கொளத்தூர்_கெய்ன்:
டிஎஸ்-1 வாங்கினா பிறகு டயோடு மாத்தி விளையாடலாம்ங்கறதையும் சேர்த்துக்கோங்க. உள்ள இருக்கறது சாதா சிலிக்கான், 0.6, 0.7 வோல்ட்ல வெட்டும். ரெண்டு சிவப்பு எல்ஈடி எதிரெதிரா போட்டா 1.7 வோல்ட்கிட்ட வெட்டும், சத்தம் கூடும், அமுக்கம் குறையும்.

வண்ணை_வயர்மேன்:
கூடற சத்தம் மிக்சர் இன்புட்ல போய் சிவப்பு லைட்டை எரிய விடும். வாங்கி ஆறு மாசம் அப்படியே வாசிக்கட்டும் ஜி.

பெரம்பூர்_பிக்:
காசிமேடு ராட் காப்பி பாத்தேன். அவுட்புட் ஜாக் மட்டும் கரகர, கிளீனர் அடிச்சதும் நின்னுடுச்சு. நாப், ஸ்விட்ச், பேட்டரி அறை எல்லாம் சுத்தம். எடுத்துட்டேன், மிச்சத்துல ஸ்பீக்கர் எமுலேஷன் இருக்கற டிஐ. எப்படி இணைக்கணும், நாப் எங்க வைக்கணும்?

மூலக்கடை_மிக்சர்:
கிட்டார், பெடல், டிஐ, அங்கேர்ந்து எக்ஸ்எல்ஆர் (மூணு பின் மைக் வயர்) வயர்ல மிக்சரோட மைக் இன்புட். பிறகு டிலே (எதிரொலி பெடல்) வாங்கினா பெடலுக்கும் டிஐக்கும் நடுவுல வரணும். டிலேக்கு அப்புறம் டிஸ்டார்ஷன் போட்டா எதிரொலி எல்லாம் சேர்ந்து நசுங்கும்.

ரிதம்: டிஸ்டார்ஷன் 9 மணி, ஃபில்டர் 11. எமுலேஷன் ஆன்ல இருக்கறதால 2 மணிக்கெல்லாம் போக வேணாம், ரெண்டும் சேர்ந்தா இருட்டாயிடும். பெடல் ஆஃப்ல மிக்சர் கெய்னை செட் பண்ணச் சொல்லுங்க, அப்புறம் பெடல் வால்யூமை அதே சத்தத்துக்குக் கொண்டு வாங்க. லீட் வந்தா பிரிட்ஜ் பிக்கப், கிட்டார் வால்யூம் 10. ரிதத்துக்கு 7. மிக்சர்ல 100 ஹெர்ட்ஸ் லோ கட் பட்டன் இருந்தா அழுத்தச் சொல்லுங்க. அதுக்குக் கீழ இருக்கற இடம் பேஸுக்கும் கிக்குக்கும்.

பெரம்பூர்_பிக்:
டிஐக்கு பேட்டரி போடணுமா, மிக்சர்லேர்ந்து ஃபேண்டம் (மைக் வயர் வழியாவே வர்ற கரண்டு) வாங்கிக்குமா? 48 வோல்ட் போனா பெடல் எரிஞ்சுடாதா?

வண்ணை_வயர்மேன்:
டிஐ ஃபேண்டத்துல ஓடற வகைன்னா பேட்டரி வேணாம். அந்த 48 வோல்ட் எக்ஸ்எல்ஆர் வழியா டிஐக்கு வந்து அங்கயே நின்னுடும், பெடல் பக்கம் தாண்டாது. டிஐ இல்லாம, எக்ஸ்எல்ஆர்லேர்ந்து கால் இன்ச்சுக்கு மாத்தற வயரைப் போட்டு பெடலை நேரா மைக் இன்புட்ல சொருகறவங்களுக்குத்தான் ஆபத்து. பெடல்ல பேட்டரி இருந்தா, வாசிச்சு முடிச்சதும் இன்புட் வயரைக் கழட்டிடுங்க. வயர் சொருகியிருக்கற வரைக்கும் பெடல் ஆன்தான், ஆஃப்ல மிதிச்சு வெச்சாலும் காலையில பேட்டரி காலி.

மூலக்கடை_மிக்சர்:
ஃபேண்டம் போடறதுக்கு முன்னாடி சேனலை மியூட் பண்ணச் சொல்லுங்க. இல்லன்னா பாக்ஸ்ல 'டொம்'னு ஒரு சத்தம் வரும், சர்ச்ல எல்லாரும் உங்களைத்தான் திரும்பிப் பாப்பாங்க.